விபத்துக்குப் பிறகு யார் எதைத் தேடுகிறார்கள்?

மொரிசியஸில் ஒரு பஸ் கவிழ்ந்தால் போதும், தீயணைப்பு வண்டி வந்து சேருவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ட்ரைவர் குடித்திருந்தார், இல்லை தூங்கிவிட்டார், இல்லை போனை நோண்டிக்கொண்டிருந்தார். தெருமுனை தபாஷியில், அதாவது சின்னக் கடையில், ரொட்டி வாங்க நிற்பவர்களுக்குள்ளேயே மூன்று கட்சி பிரிந்துவிடும். வீட்டுக்கு வந்தால் பாட்டி "கண்ணேறுதான், வேறென்ன" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். புது வண்டி வாங்கினால் நேராகக் கோயிலுக்கு ஓட்டிப்போய் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிற கூட்டம் நாம், நானும் நசுக்கியவன்தான், அதில் ஒன்றும் வெட்கமில்லை.

ஆனால் தபாஷித் தீர்ப்பும் சரி, பாட்டி தீர்ப்பும் சரி, அடுத்த விபத்தைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ட்ரைவரை வேலையிலிருந்து தூக்கியாகிவிட்டது, எலுமிச்சம்பழமும் நசுக்கியாகிவிட்டது. சரி, நாளைக் காலை அதே இறக்கத்தில் அதே மாதிரி இன்னொரு பஸ் இறங்கும்போது என்ன மாறியிருக்கும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிற ஒரு தொழில் இருக்கிறது. அதைத்தான் விபத்துப் புலனாய்வு என்கிறார்கள்.

இது போலீஸ் வேலை இல்லை. ஒரு பெரிய விபத்து நடந்தால் பொதுவாக இரண்டு வேலைகள் தனித்தனியாக ஓடும். முதலாவது நமக்குத் தெரிந்ததுதான்: போலீஸ், வழக்கு, நீதிமன்றம், நஷ்ட ஈடு. இரண்டாவதில் யாரையும் கூண்டில் ஏற்றுவதில்லை. விமானத் துறையில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உடன்படிக்கைக்கு 13ஆம் இணைப்பு என்று ஒன்று உண்டு, முதலில் ஏற்கப்பட்டது 1951ல். புலனாய்வின் ஒரே நோக்கம் இனிமேல் விபத்து நடக்காமல் தடுப்பது, பழியைப் பங்குபோடுவது இதன் வேலையே இல்லை என்று அதில் தெளிவாக இருக்கிறது. கப்பல்களுக்கும் இதே போக்கில் ஒரு சர்வதேச விதித்தொகுப்பு 2010 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது.

ஏன் இப்படிப் பிரித்தார்கள்? பயம்தான் காரணம். தான் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்கு கோர்ட்டில் தனக்கு எதிராகவே வாசிக்கப்படும் என்று தெரிந்தால் எந்த மாலுமி வாயைத் திறப்பார்? "அந்த நேரத்தில் நான் ரேடாரைப் பார்க்கவில்லை" என்று ஒருவர் தைரியமாகச் சொன்னால்தான் "ஏன் பார்க்கவில்லை" என்ற அடுத்த கேள்விக்கே போக முடியும். வக்கீல் வைத்துக்கொண்டு மௌனமாக இருப்பவரிடம் அந்தக் கேள்வி எட்டாது.

நமக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கதையை எடுத்துக்கொள்வோம். வகாஷியோ. 2020 ஜூலை 25ஆம் தேதி, மாஹேபூர்க் பக்கம் போயின்ட் தெஸ்னிக்கு எதிரே பவளப்பாறையில் ஏறி உட்கார்ந்த ஜப்பான்காரர்களின் கப்பல். சுமார் 300 மீட்டர் நீளம், பனாமா கொடி, சரக்கு ஏதும் இல்லாமல் பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஆகஸ்ட் 6ஆம் தேதி எண்ணெய் கசிய ஆரம்பித்தது, கிட்டத்தட்ட 1,000 டன் நம் கடலில் கலந்தது. கரும்புச் சோகையைத் துணிப்பைகளில் திணித்துத் தைத்து, மிதப்பதற்குக் காலி பிளாஸ்டிக் பாட்டில்களைக் கட்டி, அரசாங்கத்துக்குக் காத்திராமல் ஊரே கடலோரத்தில் நின்ற அந்த நாட்களை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை.

அப்போது ஊரில் அடிபட்ட பேச்சு இதுதான்: "கப்பலில் பர்த்டே பார்ட்டியாம், வைஃபை பிடிக்க வந்தார்களாம்." வாட்ஸ்அப்பில் ஆயிரம் கேலி. வேடிக்கை என்னவென்றால், போன் சிக்னல் விஷயம் பின்னால் அறிக்கையிலேயே உறுதியாகிவிட்டது. ஆனால் அறிக்கையில் அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால்தான் கேலிக்கும் புலனாய்வுக்கும் உள்ள தூரம் புரியும்.

கப்பலை வாடகைக்கு எடுத்திருந்த நிறுவனம் 2020 டிசம்பரில் தன் ஆய்வில் தெரிந்ததை வெளியிட்டது. முதலில் போட்ட பயணத் திட்டப்படி கப்பல் தீவிலிருந்து 22 கடல் மைல் தள்ளிப் போயிருக்க வேண்டும், அதாவது சுமார் 40 கிலோமீட்டர். ஜூலை 23ஆம் தேதி, விபத்துக்கு இரண்டு நாள் முன்பே, அதை 5 கடல் மைலாகக் குறைத்திருக்கிறார்கள். 25ஆம் தேதி, மொபைல் போன் எட்டும் தூரத்துக்கு வர, 2 கடல் மைலாக இன்னும் குறைக்கப் பார்த்தார்கள். கடைசியில் கப்பல் தட்டி நின்றது கரையிலிருந்து 0.9 கடல் மைலில். இவ்வளவு கிட்டே வருவதற்குத் தேவையான விவரமான கடல் வரைபடம் கப்பலில் இல்லை. பெரிய பரப்பைச் சின்னதாகக் காட்டும் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஆழத்தையும் தூரத்தையும் கணக்குப் போட்டிருக்கிறார்கள். காவலில் இருந்தவர்கள் கண்ணாலும் ரேடாராலும் ஒழுங்காகக் கவனிக்கவும் இல்லை. 2023ல் ஜப்பான் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிட்ட அறிக்கையும் சிக்னலுக்காகக் கரையை நெருங்கியதைத்தான் சொன்னது.

இங்கே கொஞ்சம் நிதானமாக இருங்கள். நம் ஊர் நீதிமன்றம் 2021 டிசம்பரில் கேப்டனுக்கும் முதன்மை அதிகாரிக்கும் 20 மாதச் சிறைத் தண்டனை கொடுத்தது. சட்டப்படி அது சரிதான், எனக்கு அதில் மறுப்பில்லை. ஆனால் அந்தத் தண்டனை அடுத்த கப்பலைத் தடுக்குமா?

புலனாய்வுக்காரர்களிடம் ஒரு சோதனை உண்டு. தவறு செய்தவரை அந்த நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டு, அதே படிப்பு, அதே அனுபவம் உள்ள இன்னொருவரை அதே நாளில், அதே வசதிகளோடு உட்கார வைத்துப் பாருங்கள். அவரும் ஏறத்தாழ அதையே செய்திருப்பாரா? செய்திருக்க மாட்டார் என்றால் பிரச்சினை அந்த ஆளிடம் இருக்கிறது. செய்திருப்பார் என்றால் ஆளை மாற்றிப் பயனில்லை, வேறு எங்கோ கை வைக்க வேண்டும்.

வகாஷியோவுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். 2020ன் நடுவில், கொரோனாவால் துறைமுகங்கள் மூடிக் கிடக்க, ஒப்பந்தம் முடிந்தும் வீட்டுக்குப் போக முடியாமல் உலகம் முழுக்க லட்சக்கணக்கான மாலுமிகள் கப்பல்களிலேயே மாட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை, யார் இருக்கிறார், யார் போய்விட்டார் என்றுகூடத் தெரியாது. கப்பலில் இணைய வசதி சொற்பம். ஒரு தீவின் பக்கமாகப் போனால் போனில் நாலு கோடு வரும். அந்த நாற்காலியில் இன்னொரு கேப்டன் இருந்தாலும் கை துறுதுறுத்திருக்குமா இல்லையா? துறுதுறுத்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது. அதற்காக ரேடாரைப் பார்க்காமல் இருந்ததை நியாயப்படுத்த முடியாது, அது வேறு கணக்கு. ஆனால் ஆசைக்கு மருந்து ஜெயில் இல்லை, கப்பலுக்குள்ளேயே ஒழுங்கான இணையம் என்பது இந்தக் கேள்வியைக் கேட்டால்தான் புலப்படும். கப்பலை வாடகைக்கு எடுத்த அந்த நிறுவனம் பின்னால் அறிவித்த மாற்றங்களிலும் மாலுமிகளுக்கான தகவல்தொடர்பு வசதியைக் கூட்டுவது ஒன்றாக இருந்தது.

இன்னும் கேள்விகள் இருக்கின்றன. பயணத் திட்டத்தை இரண்டு நாள் முன்பே மாற்றியபோது நிறுவனத்தில் யாருக்காவது தெரிந்ததா? தெரியும்படி ஏற்பாடு இருந்ததா? கிட்டே போகக்கூடாத வரைபடத்தோடு கிட்டே போனால் எச்சரிக்க ஏதாவது இருந்ததா? கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது கவனித்தார்கள், கூப்பிட்டார்களா? வீட்டில் பழைய கொசுவலைகள் இரண்டு மூன்றை ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டித் தூங்குவோமே, ஒவ்வொன்றிலும் ஓட்டை இருந்தாலும் கொசு வராது, என்றைக்கோ ஒருநாள் எல்லா ஓட்டையும் நேருக்கு நேர் வந்துவிட்டால்தான் கடி. விபத்தும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. "மனிதத் தவறு" என்று ஒரு ஓட்டைக்குப் பெயர் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டால் மற்ற ஓட்டைகள் அப்படியே இருக்கும்.

சரி, காரணம் தேடுகிறார்கள், எதை வைத்துத் தேடுகிறார்கள்? இதற்கும் நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, கொஞ்சம் பழையது, வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 1987 நவம்பர் 28, விடிகாலை. தைபேயிலிருந்து ஜோகன்னஸ்பர்க் போகிற தென்னாப்பிரிக்க விமானம், பெயர் ஹெல்டர்பெர்க், நம் ப்ளேசான்ஸ் விமான நிலையத்தில் இறங்கிப் போக வேண்டியது. உள்ளே 159 பேர். நாலு மணிக்குச் சற்று முன்பு விமானத்தில் புகை வருவதாக விமானி ப்ளேசான்ஸ் கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது. தீவுக்கு வடகிழக்கே சுமார் 250 கிலோமீட்டர் தொலைவில் கடலில் விழுந்தது, ஒருவரும் பிழைக்கவில்லை.

எத்தனை மணிக்கு விழுந்தது என்பதே முதல் கேள்வி. மிதந்து வந்த பொருட்களில் சேதமான கைக்கடிகாரங்கள் கிடைத்தன. அவற்றில் முள் நின்றுபோன நேரத்தை வைத்துத்தான், கடைசி ரேடியோப் பேச்சுக்கு சுமார் மூன்று நிமிடம் கழித்து, நம் நேரப்படி 4 மணி 7 நிமிடத்துக்கு விமானம் தண்ணீரைத் தொட்டிருக்கிறது என்று கணித்தார்கள். யாரோ ஒரு பயணி கையில் கட்டியிருந்த கடிகாரம் சாட்சி சொன்னது. புலனாய்வு என்றால் பெரிய பெரிய கருவிகள் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது.

அப்புறம் கருப்புப் பெட்டி. பெயர்தான் கருப்பு, உண்மையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறம், தேடுகிறவர் கண்ணில் பட வேண்டுமே. வழக்கமாக இரண்டு இருக்கும்: ஒன்று விமானத்தின் வேகம், உயரம் போன்ற அளவுகளைப் பதிவுசெய்யும், இன்னொன்று விமானி அறையின் பேச்சையும் சத்தங்களையும். கடலில் விழுந்தால் "நான் இங்கே இருக்கிறேன்" என்று சத்தம் கொடுக்க ஒரு சின்னக் கருவியும் அதோடு உண்டு. ஹெல்டர்பெர்க்கின் பெட்டிகள் கிடைப்பதற்குள் அந்தச் சத்தம் ஓய்ந்துவிட்டது. இருந்தும் விடாமல் தேடி, 1989 ஜனவரியில், ஒரு ரோபோவை இறக்கி, சுமார் 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து பேச்சுப் பதிவுப் பெட்டியை மேலே கொண்டுவந்தார்கள். கிட்டத்தட்ட ஐந்து கிலோமீட்டர் ஆழம்! இன்னொரு பெட்டி கிடைக்கவே இல்லை.

ஒலிநாடாவில் இருந்தது கொஞ்சம்தான். தீ எச்சரிக்கை மணி அடித்து ஒன்றரை நிமிடத்துக்குள் பதிவே நின்றுபோனது, தீ வயர்களைத் தின்றுவிட்டது. ஆனால் பதிவு அவ்வளவு சீக்கிரம் நின்றதே ஒரு தகவல்: தீ மெதுவாகப் புகைந்துகொண்டிருக்கவில்லை, வேகமாகப் பரவியிருக்கிறது. அந்த ரக விமானத்தில் ஒரே தளத்தில் முன்பக்கம் பயணிகளும் பின்பக்கம் சரக்கும் இருப்பார்கள், நடுவில் ஒரு தடுப்பு. சரக்கில் தீப்பிடித்தால் என்ன செய்வது? ஊழியர் ஒருவர் தீயணைப்பானைக் கையில் எடுத்துக்கொண்டு கதவைத் திறந்து உள்ளே போய் அணைக்க வேண்டும். அதுதான் அன்றைய ஏற்பாடு, விதிகள் அதை அனுமதித்திருந்தன. புகை நிறைந்த இருட்டில், அடுக்கிவைத்த சரக்குக்கு நடுவே, ஒரு கைத் தீயணைப்பானோடு.

விபத்து எந்த நாட்டின் எல்லைக்குள்ளும் நடக்காமல் நடுக்கடலில் நடந்தால் விமானம் பதிவான நாடுதான் புலனாய்வை நடத்தும். அதனால் தென்னாப்பிரிக்கா நீதிபதி செசில் மார்கோ தலைமையில் ஆணையம் அமைத்தது. பின்பக்கச் சரக்கில், முன்வரிசையில் வலப்பக்கம் ஒரு பலகைமேல் அடுக்கியிருந்த சரக்கில் தீ தொடங்கியது என்று ஆணையம் சொன்னது. தீயை மூட்டியது எது என்று மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அப்படியானால் தோல்விதானே என்று கேட்கலாம். இல்லை. எது பற்றவைத்தது என்பது தெரியாவிட்டாலும், பற்றிக்கொண்டால் ஆள் உள்ளே போய் அணைப்பது நடக்காத காரியம் என்பது நிரூபணமாகிவிட்டது. அந்த ரக விமானங்களின் சரக்குப் பகுதிக்கான விதிகள் அதன் பிறகு இறுக்கப்பட்டன. மூலகாரணம் கிடைக்காமலே ஒரு ஓட்டையை அடைத்த கதை இது, நான் படித்ததில் இந்தத் தொழிலை இதைவிட நன்றாக விளக்குகிற வழக்கு வேறில்லை.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அது இனவெறி ஆட்சிக் காலம், தென்னாப்பிரிக்காவுக்கு ஆயுதம் விற்கத் தடை இருந்த காலம். சரக்கில் ரகசியமாக ஏதோ ராணுவப் பொருள் வந்ததா என்ற சந்தேகம் அன்றிலிருந்தே இருந்தது. ஆட்சி மாறிய பிறகு 1998ல் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம்கூட இதைக் கையிலெடுத்தது. சந்தேகம் நிரூபணமாகவில்லை, ஓயவும் இல்லை. சந்தேகத்துக்கு ஆளான அரசாங்கமே புலனாய்வையும் நடத்தினால் அறிக்கை எவ்வளவு கனமாக இருந்தாலும் மக்கள் நம்பமாட்டார்கள். பல நாடுகளில் புலனாய்வு அமைப்பைப் போக்குவரத்துத் துறையிலிருந்து பிரித்துத் தனியாக வைப்பதற்குக் காரணம் இதுதான்: விதி போட்டவரே, உரிமம் கொடுத்தவரே விபத்தையும் ஆராய்ந்தால் தன் கையெழுத்தில் இருக்கும் தவறை எப்படி எழுதுவார்?

மலேசிய விமானம் எம்எச்370 பற்றியும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன், நம் கரைகளுக்கும் அதில் பங்கு உண்டு. 2014ல் 239 பேரோடு காணாமல்போன அந்த விமானத்தின் இறக்கைப் பகுதி ஒன்று 2015ல் பக்கத்து ரியூனியனில் ஒதுங்கியது, 2016ல் மொரிசியஸில் ஒதுங்கிய இறக்கைத் துண்டும் அதனுடையதுதான் என்று பாகத்தின் எண்ணை வைத்து உறுதிசெய்தார்கள். கடல் நீரோட்டம் எந்தப் பக்கமிருந்து இவற்றைக் கொண்டுவந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட இவைதான் உதவின. கடற்கரையில் ஏதாவது வினோதமான தகடு கிடந்தால் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்குக் கூரை போடாதீர்கள், போலீசுக்குச் சொல்லுங்கள். கருப்புப் பெட்டியின் சத்தக் கருவியும் முன்பு 30 நாள் பேட்டரிதான், இப்போது 90 நாள் கேட்கிறார்கள்.

இதுவரை பேசியதெல்லாம் நடந்துமுடிந்த விபத்துகள். இதைவிட மலிவான பாடம் ஒன்று இருக்கிறது: நடக்கப் பார்த்து நடக்காமல் போனவை. 1974 டிசம்பர் 1ஆம் தேதி, அமெரிக்காவில் வாஷிங்டனுக்கு அருகே டிடபிள்யூஏ என்ற நிறுவனத்தின் விமானம் ஒன்று இறங்கும் வழியில் மலையில் மோதி 92 பேரும் இறந்தார்கள். கோபுரம் கொடுத்த அனுமதியை "இனி தாழ இறங்கலாம்" என்று விமானிகள் புரிந்துகொண்டிருந்தார்கள். ஆராய்ந்தபோது தெரிந்தது என்னவென்றால், ஆறு வாரம் முன்பு யுனைடெட் என்ற இன்னொரு நிறுவனத்தின் விமானம் ஒன்று அதே இடத்தில், அதே அனுமதியை அதே மாதிரி புரிந்துகொண்டு, மயிரிழையில் தப்பியிருக்கிறது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்குத் தகவல் போகவில்லை, போக வழியும் இல்லை.

இதற்குப் பிறகு 1976ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு செய்தார்கள். விமானியோ கோபுரத்தில் இருப்பவரோ, "இன்றைக்கு இப்படி ஒரு தப்பு பண்ணப் பார்த்தேன்" என்று எழுதி அனுப்பலாம், பெயர் வெளியே போகாது. அந்தக் கடிதங்களை வாங்கும் பொறுப்பைத் தண்டிக்கும் அதிகாரம் உள்ள விமானத் துறைக்குக் கொடுக்கவில்லை, விண்வெளி ஆராய்ச்சி செய்கிற நாசாவுக்குக் கொடுத்தார்கள். நாசா யாருடைய உரிமத்தையும் பறிக்க முடியாது, அதனால் பயமில்லாமல் எழுதினார்கள், இன்றும் எழுதுகிறார்கள்.

இனி நம் பஸ்ஸுக்கு வருவோம். 2013 மே 3, சோரேஸ். போர்ட் லூயியை நோக்கி மோட்டார்வேயில் இறங்கிக்கொண்டிருந்த பஸ் பிரேக் பிடிக்காமல் கவிழ்ந்து 10 பேர் இறந்தார்கள். அந்த வழியில் தினமும் வேலைக்குப் போகிறவர்கள் இன்றும் அந்த இறக்கம் வந்தால் பேச்சைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். "பிரேக் ஃபெயிலியர்" என்பது தபாஷிக்குப் போதும், புலனாய்வுக்கு அது ஆரம்பம். பொதுவாக ஒரு பஸ்ஸில் பிரேக் போனால் எப்படிக் கேட்டுக்கொண்டே போவார்கள் என்று பாருங்கள். பிரேக் ஏன் பிடிக்கவில்லை? கட்டை தேய்ந்திருந்தது என்று வைத்துக்கொள்வோம். ஏன் மாற்றவில்லை? பாகம் ஸ்டாக்கில் இல்லை. ஏன் இல்லை? ஆர்டர் போட ஒருவர் கையெழுத்து வேண்டும், அது வாரக்கணக்கில் கிடந்தது. சரி, பாகம் இல்லாத வண்டியை ஏன் வெளியே விட்டார்கள்? காலை நேரத்தில் ஒரு பஸ் குறைந்தால் டிப்போ மேலாளர் பதில் சொல்ல வேண்டும். "இந்த வண்டி ஓடாது" என்று சொல்லும் அதிகாரம் மெக்கானிக்குக்கு இருந்ததா? இங்கே வந்து நின்றால் ட்ரைவர் எங்கோ பின்னால் போய்விட்டார், நாற்காலியில் யாரை உட்கார வைத்தாலும் அந்த பிரேக் பிடித்திருக்காது.

கஷ்டம் என்னவென்றால், சாலை விபத்து அன்றாடம் நடக்கிறது. விமானத்துக்குக் கிடைக்கிற இந்தப் பொறுமை ஒரு மோட்டார்சைக்கிள் விபத்துக்கு உலகத்தில் எங்குமே சுலபத்தில் கிடைப்பதில்லை. போலீஸ் அளவெடுக்கும், இன்சூரன்ஸ்காரர் போட்டோ எடுப்பார், அதோடு சரி. ஒரே வளைவில் நாலாவது வண்டி விழுந்த பிறகுதான் வளைவைப் பற்றிப் பேச்சே எழும்.

கடைசியாக, ஓர் அறிக்கை கையில் கிடைத்தால் எங்கே பார்ப்பது? நேராகப் பரிந்துரைகள் பகுதிக்குப் போங்கள். "ஊழியர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க அறிவுறுத்தப்படுகிறது", "சுற்றறிக்கை அனுப்பப்படும்" என்பதோடு நின்றுவிட்டால் அது பலவீனமான அறிக்கை, களைத்துப்போன ஒரு மனிதரை நம்பி மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வைக்கிறது. இந்தப் பாகத்தை மாற்று, இந்தக் கதவை வேறு மாதிரி கட்டு, இந்த இடத்தில் கப்பல் வந்தால் கரையில் மணி அடிக்கட்டும் என்று இருந்தால் யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அந்தப் பரிந்துரைகளை யாரும் கட்டாயமாக நிறைவேற்ற வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. விமானத் துறையில், பரிந்துரையைப் பெற்ற நாடு என்ன செய்தோம், அல்லது ஏன் செய்யவில்லை என்று 90 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அறிக்கை வெளியாகும் நாளில் எல்லாப் பத்திரிகைக்காரர்களும் அங்கே இருப்பார்கள். 91ஆம் நாள் போன் செய்து "பதில் வந்ததா" என்று கேட்பவர் ஒருவர் இருந்தாலே பெரிய விஷயம்.